வெட்டியது யார்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவி

சென்ற ஆண்டு தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கையில் என் தந்தையார் காய்ச்சலில் படுத்துவிட்டார். தையற்காரர் வீட்டில் அந்தப் பதினைந்து நாள் என்றால் என்ன என்பது தையற்காரர் வீட்டாருக்குத்தான் தெரியும். ஓராண்டுக் கடனை அடைக்க வேண்டிய நாள்கள் அவை. வாங்கி வைத்த துணிகளில் பாதியை வேறு கடைக்குக் கொடுத்தனுப்பினோம். மீதியை ஒரு பழைய சிநேகிதர் வந்து வெட்டித் தைத்துக் கொடுக்க, நானும் என் தாயாரும் இரவெல்லாம் உட்கார்ந்து காஜா எடுத்துப் பட்டன் தைத்தோம். பார்த்த மருத்துவர், "ஃப்ளூ காய்ச்சல்தான், நன்றாக ஓய்வெடுக்க வேண்டும்" என்றார். அதாவது இன்ஃபுளுயன்சா.

காய்ச்சல் சற்று விட்டிருந்த ஒரு மாலையில் கஞ்சியைக் குடித்துவிட்டு என் தந்தையார் கேட்டார்: "ஏம்மா, நீதான் காலேஜுல இதெல்லாம் படிக்கிறியே. அந்தக் கிருமி உள்ள போயி என்னதான் பண்ணுது? ஆளையே வெட்டிப் போட்டாப்புல ஆக்கிடுதே!"

நண்பர்களே, அதற்கு முந்திய வாரம்தான் நான் நொதிகளைப் பற்றித் தேர்வு எழுதியிருந்தேன். நொதி என்பது உயிர் வினையூக்கி. 1894-இல் எமில் ஃபிஷர் பூட்டும் சாவியும் என்ற உவமையைச் சொன்னார். வெப்பமும் அமிலத் தன்மையும் நொதியின் வேகத்தை மாற்றும். இவ்வளவும் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். வைரஸ் பற்றியும் வேறொரு தாளில் எழுதியிருக்கிறேன். ஆனால் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் தந்தையாருக்கு அன்று ஒரு வாக்கியம்கூட என்னால் விடை சொல்ல முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த வாசலைத் தாண்டி நான் வீட்டுக்குக் கொண்டுவந்தது என்ன என்ற வெட்கம் அன்று முதல் என்னை விடவில்லை. அந்த வெட்கத்தில் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பாடங்களில் விடைகள் நிறைய இருக்கின்றன. அவ்விடைகளை எப்படிக் கண்டார்கள் என்பதுதான் இல்லை. அது இல்லாத கல்வி தேர்வுக்குப் பிறகு நம்மிடம் தங்குவதில்லை. இதற்குச் சான்றாக, இன்ஃபுளுயன்சா தாக்கிய செல்லுக்குள் எந்தப் புரதத்தை எந்த நொதி வெட்டுகிறது என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

கத்தரி இல்லாத திருடன்

வெட்டுவது என்று நான் சொல்வது உவமை அன்று. புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி. அச்சங்கிலியைக் குறிப்பிட்ட இடத்தில் துண்டிக்கும் நொதிகள் உண்டு. நம் கணையத்தில் சுரக்கும் ட்ரிப்சின் அவ்வகையைச் சேர்ந்தது. அதற்கு அப்பெயரை இட்டவரும், 'என்சைம்' என்ற சொல்லையே படைத்தவரும் வில்ஹெல்ம் கூனே என்ற ஜெர்மானிய அறிஞர். ட்ரிப்சின் கண்ட இடத்தில் வெட்டாது. லைசின், ஆர்ஜினின் என்ற இரு அமினோ அமிலங்களை அடுத்துத்தான் வெட்டும். ஒவ்வொரு வெட்டும் நொதிக்கும் இப்படித் தனக்கென்று ஓர் இடம் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சில வைரஸ்கள் தம் கத்தரியைத் தாமே கொண்டுவருகின்றன. போலியோ வைரஸ் அத்தகையது. அது நுழைந்த செல்லில், புரதம் தயாரிக்கும் வேலையைத் தொடங்கிவைக்கும் ஒரு முக்கியமான துணைப் புரதம் துண்டாகிப் போவதை 1982-இல் காட்டினார்கள். செல்லின் சொந்த உற்பத்தி நின்றுவிட, பட்டறை முழுவதும் வைரஸின் வேலைக்கே ஓடுகிறது. எய்ட்ஸ் வைரஸுக்கும் கொரோனா வைரஸுக்கும் அவ்வாறே சொந்தக் கத்தரி உண்டு. அதை மழுங்கச் செய்யும் மருந்துகளும் வந்துவிட்டன. எய்ட்ஸுக்கு 1995-இல் முதல் மருந்து வந்தது. கோவிட் நோய்க்கு 2021-இல் வந்தது.

இன்ஃபுளுயன்சாவின் கதை வேறு. அதன் மரபுப் பொருள் எட்டுத் துண்டு ஆர்.என்.ஏ. அவ்வெட்டில் எதிலும் இத்தகைய கத்தரிக்கென்று ஒரு ஜீன் கிடையாது. ஆயினும் அது நுழைந்த செல்லில் வெட்டு நடக்கிறது. 1918-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொன்றது இந்த வைரஸ். கையில் கத்தரி இல்லாதவன் இத்தனை வெட்டை எப்படி நடத்துகிறான்? நம் வீட்டுக் கத்தரியை எடுத்துத்தான்.

முதல் வெட்டு வாசலிலேயே நடக்கிறது. வைரஸின் மேலே ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் முள் முள்ளாக நிற்கிறது. அது ஒரே சங்கிலியாக இருக்கும்வரை வைரஸ் செல்லைத் தொட்டு ஒட்டிக்கொள்ளலாம். உள்ளே போய்த் தன் சரக்கை இறக்க முடியாது. அச்சங்கிலி இரண்டாக வெட்டப்பட்டால்தான் செல்லின் சவ்வோடு கலக்கும் ஆற்றல் அதற்கு வருகிறது. இதை 1975-இல் ஜெர்மனியின் கீசன் நகரில் கிளெங்க் குழுவினரும், நியூயார்க்கில் லாசரோவிட்ஸ், சாப்பின் ஆகியோரும் தனித்தனியே காட்டினர். சோதனை எளியது. சிலவகைச் செல்களில் வளர்த்த வைரஸ் அடுத்த செல்லைத் தாக்க வலுவின்றி இருந்தது. சிறிது ட்ரிப்சின் சேர்த்தார்கள், வலு வந்துவிட்டது! இன்றும் ஆய்வுக்கூடங்களில் நாயின் சிறுநீரகச் செல்களில் இந்த வைரஸை வளர்க்கும்போது ட்ரிப்சின் சேர்த்தே வளர்க்கிறார்கள்.

ஆனால் ட்ரிப்சின் இருப்பது குடலில். காய்ச்சல் வருவதோ மூச்சுக்குழாயில். அங்கே வெட்டுவது யார்? அதை அறிய முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 2006-இல் ஜெர்மனியின் மார்பர்க் நகர ஆய்வாளர்கள் மனித மூச்சுக்குழாய்ச் செல்களில் உள்ள இரண்டு நொதிகளைச் சுட்டிக்காட்டினர். அவற்றுள் ஒன்றன் பெயர் டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.-2. பறவைக் காய்ச்சலின் கொடிய வகைகளில் வெட்டும் இடம் வேறு மாதிரி அமைந்திருக்கிறது. எல்லா உறுப்புகளிலும் உள்ள ஃப்யூரின் என்ற நொதியே அங்கே வெட்டிவிடும். ஆகவேதான் அந்த வைரஸ் கோழியின் மூச்சுக்குழாயோடு நில்லாமல் உடலெங்கும் பரவிக் கொல்கிறது. 2006-இல் மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூரில் இந்தியாவில் முதன்முதலாகத் தோன்றிய எச்5என்1 நோய் அவ்வகையே. ஒரு வெட்டும் இடத்தின் அமைப்பு, கோழிப் பண்ணைகளின் தலைவிதியையே தீர்மானிக்கிறது.

செல்லின் சொந்தப் புரதங்கள்

இதுவரை சொன்னது வைரஸின் புரதத்தை நம் நொதி வெட்டும் கதை. இனி, நம் புரதத்தையே நம் நொதி வெட்டும் கதை.

நம் ஒவ்வொரு செல்லிலும் காஸ்பேஸ் என்ற நொதிகள் உறங்கிக்கொண்டிருக்கின்றன. செல் மீள முடியாமல் கெட்டுவிட்டால் இவை விழித்தெழுந்து, செல்லின் நூற்றுக்கணக்கான புரதங்களைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டி, அதை ஒழுங்காகச் சாகச் செய்கின்றன. இந்த நொதிகள் அஸ்பார்டிக் அமிலத்தை அடுத்தே வெட்டும். இவற்றைப் பற்றிய அறிவுக்கு வழி திறந்தது ஒரு புழு என்றால் விலங்கியல் மாணவர்களாகிய நாம் பெருமைப்படலாம். கேனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழுவின் வளர்ச்சியில் 1090 உடற்செல்கள் தோன்றுகின்றன. அவற்றுள் 131 செல்கள் குறித்த வேளையில் தாமே சாகின்றன. அந்தச் சாவை நடத்தும் ஒரு ஜீன், மனிதனிடம் உள்ள ஒரு வெட்டும் நொதியை ஒத்திருப்பது 1993-இல் தெரியவந்தது. புழுவில் தொடங்கிய இந்த ஆய்வுகளுக்காக பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் ஆகிய மூவர் 2002-இல் நோபல் பரிசு பெற்றனர். புழுவை எண்ணிக்கொண்டிருப்பதால் யாருக்கு என்ன லாபம் என்று அன்று கேட்டவர்கள் இருந்திருக்கலாம்!

இன்ஃபுளுயன்சா நுழைந்த செல்லில் இந்தக் காஸ்பேஸ்கள் விழிக்கின்றன. வைரஸின் பட்டறையைத் தன்னோடு சேர்த்து அழித்துவிட செல் செய்யும் தியாகம் இது என்றே எண்ணத் தோன்றும். ஆனால் 2003-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காஸ்பேஸைத் தடுத்துப் பார்த்தபோது வைரஸ் பெருகவில்லை, குறைந்தது. வைரஸின் ஆர்.என்.ஏ. செல்லின் உட்கருவிலிருந்து வெளியேற முடியாமல் அங்கேயே தங்கிவிட்டது. உட்கருவின் வாயில்கள் காஸ்பேஸின் வேலையால் அகலமாகின்றன என்றும், அவ்வழியே வைரஸின் சரக்கு வெளியே வருகிறது என்றும் 2015-இல் வெளியான ஆய்வு விளக்கிற்று. வீட்டுக்காரர் தற்கொலைக்கு எடுத்த கத்தரியால் திருடன் கதவை அகலப்படுத்திக்கொண்டான்!

இன்னொரு சான்று எச்.டி.ஏ.சி.-6 என்ற புரதம். இன்ஃபுளுயன்சா தாக்கிய செல்லில் இதைக் காஸ்பேஸ்-3 வெட்டுகிறது என்று 2009-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஏன் வெட்ட வேண்டும்? புதிதாக உருவான வைரஸ்கள் செல்லைவிட்டு வெளியேறுவதை இப்புரதம் தடுக்கிறது என்று 2014-இல் தெரிந்தது. ஆக, இது நம் காவலாளி என்று முடிவு கட்டிவிடலாமா? முடியாது. அதே 2014-இல் வேறொரு குழு, வைரஸ் உள்ளே வந்ததும் தன் உறையைக் கழற்றுவதற்கு இதே புரதத்தின் உதவியைப் பெறுகிறது என்று காட்டியது. நுழையும்போது உதவி, வெளியேறும்போது தடை. இரண்டும் ஒரே புரதம். நம் தேர்வுத்தாளில் 'சரியா, தவறா' என்று கேட்டால் இதற்கு எந்தப் பெட்டியில் குறியிடுவது?

ஓரத்தைப் பார்த்துக் கத்தரியை அறிதல்

இவற்றையெல்லாம் படித்துத் தமிழில் ஒருவாறு கோவைப்படுத்திக்கொண்டு என் தந்தையாரிடம் சொன்னேன். அப்போது அவர் உடம்பு தேறிக் கடைக்குப் போகத் தொடங்கியிருந்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, இத்துனூண்டு செல்லுக்குள்ள இத்தனை சாமான் கிடக்குதுங்கிற. இதை இதுதான் வெட்டுச்சுன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்றார்.

இதுதான் கேள்வி! எங்கள் வகுப்பில் நான் உட்பட ஒருவரும் இதைக் கேட்டதில்லை.

விடையை அவர் தொழிலை வைத்தே சொன்னேன். துணியின் ஓரத்தைப் பார்த்தால் நேர்க்கத்தரியால் வெட்டியதா, பல் பல்லாக வெட்டும் ஜிக்ஜாக் கத்தரியால் வெட்டியதா என்று தையற்காரருக்குத் தெரியும் அல்லவா? புரதத்திலும் அப்படியே. வெட்டிய இடத்துக்கு முன்னால் இருப்பது அஸ்பார்டிக் அமிலம் என்றால் காஸ்பேஸ் மீது சந்தேகம். லைசினோ ஆர்ஜினினோ என்றால் ட்ரிப்சின் வகை மீது சந்தேகம். ஆனால் ஆயிரமாயிரம் புரதங்களுக்கு நடுவே வெட்டிய ஓரங்களை மட்டும் பொறுக்குவது எப்படி?

கனடாவில் கிறிஸ்டோபர் ஓவரால் குழுவினர் 2010-இல் வெளியிட்ட 'டெய்ல்ஸ்' என்ற முறை இதற்குப் பயன்படுகிறது. புரதச் சங்கிலியின் ஒரு நுனியில் அமைன் தொகுதி இருக்கும். சங்கிலி வெட்டுப்பட்டால் புதிதாக இன்னொரு அமைன் நுனி தோன்றும். முதலில், இருக்கிற நுனிகளுக்கெல்லாம் வேதியியல் முறையில் மூடி போட்டுவிடுகிறார்கள். நோயுற்ற செல்லின் புரதங்களுக்குச் சற்றுக் கனமான மூடி, நோயில்லாத செல்லின் புரதங்களுக்கு லேசான மூடி. பிறகு இரண்டையும் ஒன்றாகக் கலந்து ட்ரிப்சின் விட்டுத் துண்டு துண்டாக்குகிறார்கள். இப்போது புதிதாகத் தோன்றும் நுனிகளுக்கு மூடி இருக்காது. மூடி இல்லாத துண்டுகளையெல்லாம் ஒரு பாலிமரில் ஒட்டவைத்து வடிகட்டிவிட்டால், மூடி போட்ட துண்டுகள் மட்டும் மிஞ்சும். அவற்றை நிறை நிரல்மானியில் எடை பார்க்கிறார்கள். கனமான மூடியோடு மட்டும் ஒரு துண்டு கிடைத்தால், அந்த வெட்டு நோயுற்ற செல்லில் நடந்த வெட்டு. அப்புரதத்தின் முழு வரிசையில் அத்துண்டுக்கு முன்னால் என்ன அமினோ அமிலம் இருக்கிறது என்று பார்த்தால் கத்தரி எது என்று ஊகிக்கலாம்.

"அதாவது, முதல்ல வெட்டுன ஓரத்துக்கெல்லாம் சாயம் தோய்ச்சுட்டு, அப்புறம் துணியைக் கண்டதுண்டமா வெட்டி, சாயம் பட்ட துண்டை மட்டும் பொறுக்குறாங்க" என்றார் என் தந்தையார். இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. அதோடு அவர் நிற்கவில்லை. "சரி, நம்ம கத்தரியைத்தானே அவன் எடுத்து வெட்டுறான்? அதைப் புடுங்கி வெச்சுட்டா நமக்கு ஆகவேண்டிய வேலை நிக்காதா?" என்றும் கேட்டார்.

மருந்து தேடும் அறிஞர்களின் தலைவலி இக்கேள்விதான். வைரஸின் கத்தரியை மழுங்கச் செய்தால் வைரஸுக்கு மட்டும் நட்டம். நம் கத்தரியைத் தொட்டால் நமக்கும் நட்டம் வரலாம். டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.-2 நொதி இல்லாத எலிகளை வளர்த்து 2013-இல் சோதித்தார்கள். எலிகள் நலமாகவே வளர்ந்தன. எச்1என்1 வைரஸ் அவற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் எச்3என்2 வைரஸ் வேறு கத்தரியைத் தேடிக்கொண்டு நோயை உண்டாக்கிற்று. நம்பிக்கையும் எச்சரிக்கையும் ஒரே சோதனையில் கிடைத்தன.

என் கருத்து

இதிலிருந்து இரண்டு செய்திகளை வலியுறுத்த விரும்புகிறேன்.

முதலாவது, வெட்டுகளின் பட்டியல் வேறு, அறிவு வேறு. இன்றைய கருவிகள் ஒரே சோதனையில் நூற்றுக்கணக்கான வெட்டுகளைப் பட்டியலிட்டுத் தந்துவிடும். அவற்றுள் வைரஸுக்கு உதவும் வெட்டு எது, அதை எதிர்க்கும் வெட்டு எது, செல் சாகும்போது வெறுமனே உடன் நிகழும் வெட்டு எது என்பதைக் கருவி சொல்லாது. ஒவ்வொரு வெட்டுக்கும், அந்த அஸ்பார்டிக் அமிலத்தை மாற்றிவைத்து, வெட்ட முடியாமற் செய்து, வைரஸ் கூடுகிறதா குறைகிறதா என்று மனிதர்தான் சோதிக்க வேண்டும். எச்.டி.ஏ.சி.-6 நமக்குக் கற்பிக்கும் பாடம் இது. நம் படிப்பும் அப்படித்தான். குறிப்பேட்டில் உள்ள வரையறைகள் பட்டியல். அவற்றைக் கேள்வி கேட்டால்தான் அறிவு.

இரண்டாவது, அக்கேள்வி கேட்கும் பழக்கத்துக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. நிறை நிரல்மானி நம் கல்லூரிக்கு வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உமிழ்நீரையும் மாவுக் கரைசலையும் அயோடினையும் வைத்து நாம் ஒரு சோதனை செய்கிறோம். அதோடு, பால்பொடிக் கரைசலில் ட்ரிப்சின் விட்டு அது தெளிவதையும், கொதிக்கவைத்த ட்ரிப்சினை விட்டால் தெளியாமலே நிற்பதையும் செய்து பார்க்கலாமே. புரதத்தை நொதி வெட்டுகிறது என்பதை நாமே கண்ணால் கண்டவர்களாவோம். ஒவ்வொரு தேர்விலும் 'இதை எப்படி அறிந்தனர்?' என்ற ஒரு கேள்வியாவது இடம்பெற வேண்டும் என்று பேராசிரியப் பெருமக்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். படித்ததை வீட்டில் உள்ளவர்களுக்குத் தமிழில் சொல்லிப் பார்க்குமாறு மாணவ நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சொல்ல வராத இடம்தான் நமக்குப் புரியாத இடம்.

"நம்மைப் போன்ற ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு? மதிப்பெண் வாங்கி, போட்டித் தேர்வு எழுதி, ஒரு வேலைக்குப் போனால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் வேலை வேண்டும். எங்கள் வீட்டுக் கடன் எனக்குத் தெரியும். போட்டித் தேர்வுப் புத்தகம் என் மேசையிலும் இருக்கிறது. ஆயினும் ஒன்று கேட்கிறேன். ஆராய்ச்சியாளர்கள் ஆண்டுக்கணக்கில் முட்டிக்கொண்ட கேள்வியை, ஐந்தாம் வகுப்புப் படித்த ஒருவர் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தபடியே கேட்டார். கேள்வி கேட்கும் அறிவு ஏழை வீட்டிலும் இருக்கிறது. மூன்றாண்டு கல்லூரியில் படித்துவிட்டு நாம் அதைத் தொலைத்துவிட்டு வெளியே வந்தால், நம்மை அனுப்பிவைத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வோம்?

அடுத்த தீபாவளியும் வரும். மழைக்காலமும் காய்ச்சலும் வரும். அப்போது என் தந்தையார் இன்னும் கடினமான கேள்வியோடு காத்திருப்பார். இம்முறை நான் வாயடைத்து நிற்க மாட்டேன். விடை தெரியாவிட்டாலும், அதை எப்படித் தேடுவது என்றாவது சொல்வேன்.